எதிர்ப்பக்கம்

ஹோபார்ட் ஆவணக் காப்பகத்தின் நிலவறையில்
பத்தொன்பது வருடம் வேலை பார்த்தேன்.
கைதிகளை இறக்கிய கப்பல் ஒவ்வொன்றுக்கும் ஒரு பேரேடு,
ஒவ்வொன்றும் கன்றுக்குட்டி கனம்.

உயரம் ஐந்தடி இரண்டங்குலம்.
முகத்தில் அம்மைத் தழும்பு.
இடது சுண்டுவிரல் இல்லை.
முன்கையில் பச்சை குத்திய நங்கூரம்.
குற்றம்: வாத்து இரண்டு.
தண்டனை: ஏழு வருடம், கடலுக்கு அப்பால்.
வாத்து ஒன்றுக்கு மூன்றரை என்று
முதல் வாரம் கணக்குப் போட்டுச் சிரித்தேன்.
இரண்டாம் வாரம் சிரிப்பு வரவில்லை.

நாற்பத்தேழாம் பேரேட்டில் ஒரு தாள் இல்லை.
கிழித்ததல்ல. சவரக்கத்தி.
தையலோரம் நகக்கண் அகலத்துக்கு மிச்சம்.
வருகைப் புத்தகத்தில் அந்த மாதம்
ஒரே கையெழுத்து:
திருமதி ஆர். தெர்க்கல், 1931.
அவரை நான் பார்த்ததில்லை, ஆனாலும் பார்க்கிறேன்:
தொப்பியில் வலை, மடியில் கைப்பை,
உள்ளே கணவரின் கத்தி,
இருமலோடு இருமலாக ஓர் இழுப்பு.
கை நீளமான பாட்டனை மறைக்க
அவரும் கொஞ்சம் கை நீட்ட வேண்டியிருந்தது.

தீவே அப்படித்தான் இருந்தது அப்போது.
யாரும் யாரிடமும்
உன் பாட்டன் எந்தக் கப்பலில் வந்தான் என்று கேட்பதில்லை.
கேட்டால் அவரும் கேட்பாரே.

எண்பத்தேழில் பேரன் வந்தான்,
டெஸ்மண்ட் தெர்க்கல், பல் மருத்துவர்.
இருநூறாவது ஆண்டுவிழா நெருங்குகிறது,
எங்கள் வம்சத்தில் ஒரு கைதிகூடவா இல்லை
என்று ஏறக்குறையக் கெஞ்சினான்.
பக்கத்து வீட்டுக்காரனுக்கு
வழிப்பறிக்காரனே கிடைத்திருக்கிறானாம்.

வெட்டுப்பட்ட இடத்தைக் காட்டினேன். முகம் செத்தது.
அப்புறம்தான் எதிர்ப்பக்கத்தைக் கவனித்தேன்.
நூற்றைம்பது வருடம் முகத்தோடு முகம் அழுந்திக் கிடந்ததில்
மை ஒட்டியிருந்தது,
பழுப்பாய், மங்கலாய், இடவலம் மாறி.
என் பவுடர் டப்பாக் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தேன்.
"வாத்து!" என்று கத்தினான். "இரண்டு வாத்து!"
வாசிப்பறையில் எல்லோரும் கைதட்டினார்கள்.
நானும்தான்.

அதே நவம்பரில் டல்சி ஹாரோவே வந்தாள்.
கேப் பேரன் தீவில் பிறந்தவள்,
லான்செஸ்டன் பள்ளியில் எனக்கு முன் பெஞ்ச்.
அவள் கேட்டது கைதிப் பேரேடு இல்லை;
வடக்குத் தீவுகளின் மாவுக் கணக்கு.
விரலால் வரி வரியாக இறங்கினாள், நின்றாள்.

பூர்வகுடிப் பெண் ஒன்று.
நாய் நான்கு.
மாவு ஆறு பவுண்டு.

"இவள்தான்" என்றாள்.

பழக்கதோஷம், கண்ணாடியை எடுத்துவிட்டேன்.
எதிர்ப்பக்கத்தில் சர்க்கரை, சோப்பு, ஆணி.
எழுதாத பெயர் எங்கே ஒட்டும்?

"மிஸ் ஆக்கர்பி வைத்த பரீட்சை நினைவிருக்கிறதா?" என்றாள்.
இருந்தது. நாலாவது கேள்வி:
இத்தீவின் பூர்வகுடிகள் என்ன ஆனார்கள்?
ஒருவரும் மிஞ்சவில்லை என்று நான் எழுதினேன்.
"நானும் அதையேதான் எழுதினேன்.
பத்துக்குப் பத்து.
அம்மா அந்தத் தாளை வைத்து அடுப்பு மூட்டினாள்."

பென்சிலை எடுத்தேன்.
விதிப்படி வேலை போய்விடும், போகட்டும்.
பெயரைச் சொல் டல்சி, ஓரத்தில் எழுதிவிடுகிறேன்.

"வேண்டாம். பெயர் எங்களிடம் இருக்கிறது.
நீங்கள் என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று
பார்க்கத்தான் வந்தேன்."

பேரேட்டை அவளே மூடினாள்.
"நாய்களைச் சரியாகத்தான் எண்ணியிருக்கிறார்கள்."

படியேறி வாசல் வரை போனேன்.
தெருவில் விழா ஊர்வலத்தின் ஒத்திகை.
கணுக்காலில் கறுப்புக் காகிதச் சங்கிலி கட்டிய பையன்கள்
சிரிப்பை அடக்கிக்கொண்டு தள்ளாடி நடந்தார்கள்,
தூறலில் சாயம் காலுறையில் இறங்க.
அவர்கள் கடந்து முடியட்டும் என்று
டல்சி ஓரமாக நின்றாள்.
எதிர்ச்சாரியில் அவளுடைய பஸ்
கிளம்பிப் போனது.