பல்லாயிரவர் மாண்டனர்

மூன்றாம் பாகம், நாற்பத்தோராம் அத்தியாயம்.
போர் அதில் ஒரே வரி.
அடுத்த வரியில் இளவரசி விளக்கேற்றப் போய்விடுவாள்.

அந்த ஒரு வரியை எடுக்க
ராஸ் அல் கைமா மணலில் நான்கு நாள் ஆனது.
ஆளுக்கு நூற்றிருபது திர்ஹாம், கோழி பிரியாணி.
ஒட்டுமீசையைத் திருப்பித் தர வேண்டும்.

சாரம் கட்டும் கம்பெனியிலிருந்து முப்பத்துமூன்று பேர்.
எதிரிப்படைக்கு ஆள் போதாமல்
தண்ணீர் லாரி ஓட்டும் பெஷாவர்க்காரர்கள் ஐவர்.
எதற்காகச் சண்டை என்று குல் ஜமீனுக்குத் தெரியாது.
எனக்கும் தெரியாது.
இருளப்பனுக்குத் தெரியும்.

நாவலை நான்கு முறை படித்தவன் அவன்.
கட்டிலுக்கடியில், சேஃப்டி ஷூவுக்குப் பக்கத்தில்,
முதுகில் பேக்கிங் டேப் ஒட்டி எல்லா பாகமும் கிடக்கும்.
"இளவரசன் குதிரை வெள்ளை" என்றான் உதவி இயக்குநரிடம்.
"இங்க கெடைச்சது இதுதாண்ணே."
கறுப்புக் குதிரை எங்களைப் பார்த்துத் தும்மியது.

ஆறு பச்சைத் துணியாக வந்தது.
நாலு பேர் பிடித்து விரித்தார்கள்.
இடுப்பளவு தண்ணீர்னு நெனச்சு நடங்க என்றார்கள்.
வேட்டியைத் தூக்கிப் பிடித்து, தள்ளாடி,
சொட்டு ஈரமில்லாமல் கரையேறினோம்.
மரியசெல்வம் மட்டும்
கரை வந்ததும் வேட்டியைப் பிழிந்தான்.
கட் சொன்ன பிறகும் பிழிந்தான்.

சாவதுதான் கஷ்டம்.
மூச்சு தெரியக் கூடாது.
ஈ உட்கார்ந்தாலும் விரல் அசையக் கூடாது.
ஜனவரி வெயில் இமைக்குள் சிவப்பாக நின்றது.
என் மேல் குறுக்காகச் செத்துக் கிடந்தான் குல் ஜமீன்.
அவன் வயிறு உறுமுவது என் முதுகுக்குக் கேட்டது.
சிரிப்பை அடக்கி அடக்கி
நிஜமாகவே செத்துவிடுவேன் போலிருந்தது.

ஆகஸ்டில் ஒளிபரப்பானது.
எட்டுக் கட்டில் போட்ட அறையில்
ரைஸ் குக்கர் மேல் சாய்த்த ஒரு போன்.
எட்டாவது எபிசோடில் வந்தோம்.
முப்பத்தெட்டுப் பேரைக் கம்ப்யூட்டரில் பெருக்கி
அடிவானம் வரைக்கும் அடுக்கியிருந்தார்கள்.
நான் குன்றுக்குக் கீழே ஒருமுறை செத்தேன்,
ஆற்றோரம் ஒருமுறை,
தூரத்தில் எறும்பளவில் இன்னொரு முறை.
சம்பளம் ஒன்றுக்குத்தான்.
ஆற்றில் இப்போது நிஜமாகத் தண்ணீர் ஓடியது.
வேட்டி பிழிந்தவனை வெட்டிவிட்டார்கள்.

மொத்தம் பதினொரு விநாடி.
சாகுல் பின்னால் தள்ளி மறுபடி ஓட்டினான்.
அப்போதும் பதினொன்று.

இருளப்பன் மூன்றாம் பாகத்தை எடுத்தான்.
பலகையில் அளவு குறிக்கும் தட்டைப் பென்சிலால்
'பல்லாயிரவர்' என்பதை அடித்து
முப்பத்தெட்டுப் பேர் என்று எழுதினான்.
ஓரத்தில் பெயர்கள்.
ஓரம் ஒடுக்கம்; ஒன்பது பேருக்குத்தான் இடம் இருந்தது.
குல் ஜமீனிடம் எந்த 'ல' என்று கேட்டான்.
"என் லேபர் கார்டு நம்பரையும் போடு,
இந்தக் கேம்ப்ல ஏழு செல்வம் இருக்கான்"
என்றான் மரியசெல்வம்.

ஒன்பதாவது எபிசோடு முழுக்க
இளவரசி ஒரே ஒருத்தனுக்காக அழுதாள்.
எங்களைத் தாண்டித் தாண்டித்தான் அவனைத் தேடினாள்.
படப்பிடிப்பில் அவள் சேலை நுனி
என் மூக்கின் மேல் உரசிப் போனது ஞாபகம் வந்தது.
தும்மாமல் இருந்ததும்.

பார்த்தால் இருளப்பனும் அழுகிறான்.
"உனக்கு என்னடா?"
"அந்த இடம் அப்படி" என்றான்,
பனியன் தோளில் மூக்கைத் துடைத்துக்கொண்டு
நாலரை மணி பஸ்ஸுக்கு அலாரம் வைத்தான்.