கழிவு

சல்மாபாத்தில், டயர் கடைக்கு மேல் மாடியில்,
மாதத்தின் முதல் வெள்ளி
பணம் வாங்குவது என் வேலை.
ஆளுக்கு இரண்டரை தினார், முப்பத்தொரு பேர்.
அந்த அரை தினார் நோட்டு மட்டும்
எப்போதும் கசங்கியே வருகிறது.

வருஷக் கடைசியில்
தூத்துக்குடி அறக்கட்டளையிலிருந்து ரசீது வரும்,
பெயருக்கு ஒன்று.
பான் எண் கட்டத்தில் ஒரு கோடு.
அடியில் பொடி எழுத்தில்
'பிரிவு எண்பது ஜி-யின் கீழ் வரிக்கழிவு உண்டு'.

அப்படின்னா என்ன, என்றான் ஜபருல்லா.
கொடுத்ததில் பாதிக்கு வரி கிடையாது என்றேன்.
"நமக்குத்தான் முழுசுக்குமே கிடையாதே!"
சிரித்தோம்.
வருமான வரி இல்லாத ஊர்.
ஏஜென்ட் கடன் போய், மெஸ் போய்,
ரீசார்ஜில் பத்து சதவீதம் போய்
மிஞ்சுவது முழுக்க நமக்கு.

இந்த வருஷம் அம்பத்தூரிலிருந்து மச்சான் கூப்பிட்டார்.
"மொத்த ரசீதையும் என் பேர்ல போடச் சொல்லு.
வரியில முப்பதாயிரம் எனக்கு மிஞ்சும்.
அதை அப்படியே உங்க நிதிக்கே அனுப்பிடறேன்.
உங்களுக்கு அது வெறும் தாள்தானே."

வெறும் தாள்தான்.
பட்டியலில் பன்னிரண்டு பெயருக்குப் பணம் இருந்தது.
பதிமூன்றாவது மு. பொன்செல்வி, வேம்பார்,
பதினொன்றாம் வகுப்பு, கணக்குப்பதிவியல் பிரிவு.
'குடும்பத்தின் மாத வருமானம்' என்ற கட்டத்தில்
எண் எழுதாமல்
'ஒழுங்கா இல்லை' என்று எழுதியிருந்தாள்.
முப்பதாயிரம் அவளுக்கு அளவெடுத்த மாதிரி.

வெள்ளிக்கிழமை விஷயத்தைச் சொல்லி
கை தூக்கச் சொன்னேன்.
எழுந்தன.
ஆறுமுகநயினார் அண்ணன் மட்டும்
சட்டைப் பையைத் தடவிக்கொண்டிருந்தார்.
துப்ளி கழிவுநீர் நிலையத்தில் பம்ப் பார்ப்பவர்.
"கழிவுன்னா அண்ணனைத்தானே கேக்கணும்"
பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் சிரிக்கவில்லை.
அடையாள அட்டையை எடுத்துப் போட்டார்,
பெயர் பாதியில் நின்றிருந்தது.
சம்பளச் சீட்டில் அருமுகா.
கேட்டில் நாலாயிரத்துச் சொச்சம் ஓர் எண்.
பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்த பாவத்துக்கு
ஃபோர்மேன் கூப்பிடுவது 'சுடலைமுத்து' என்று.
"அது எங்கப்பா பேரு தம்பி.
செத்துப் பதினோரு வருஷமாச்சு.
தினம் காலைல அஞ்சரைக்கு
அவருக்காக நான்தான் எஸ் சார் சொல்றேன்."

அப்புறம் ரசீதுகள்.
நாலு வருஷம், நாலும் பாலிதீன் உறையில்.
திரு. சு. ஆறுமுகநயினார்.
வல்லின ற, துணைக்கால், எல்லாம் அதனதன் இடத்தில்.
"நான் இருக்கிறது இந்த ஒரு தாள்லதான்.
இதை மட்டும் கேக்காதீங்க."

கையை இறக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.
இறங்கின.
ஜபருல்லா கை மட்டும் மேலேயே இருந்தது.
"சரி, அந்தப் பிள்ளைக்கு யாரு சொல்றது?"
கீழே டயருக்குக் காற்று ஏறும் சத்தம்
வெகுநேரம் கேட்டது.

'கணக்குத் தெரியாத கூட்டம்' என்றார் மச்சான்.
அதன் பிறகு பேசவில்லை.

நேற்று இரவு கடிதம் எழுத உட்கார்ந்தேன்.
அன்புள்ள பொன்செல்வி,
'பரிசீலனையில் உள்ளது' என்று எழுதி அடித்தேன்.
'அடுத்த ஜூன்' என்று எழுதி
அதையும் அடித்தேன்.
ஷிப்ட் முடிந்து வந்த அண்ணன்
ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல்
வாசலிலேயே நின்றார்.
"இந்த மாசம் ரெண்டு வெள்ளி டூட்டி கேட்டிருக்கேன்."

இரண்டு வெள்ளி போதாது, எனக்குத் தெரியும்.
அவருக்கும் தெரியும்.
குனிந்து தாளைப் பார்த்தார்.

"மு-ன்னா என்ன?"

விண்ணப்பத்தை எங்கே வைத்தேன் என்று
தேடத் தொடங்கினேன்.