மழைக்கு ஒரு வரி

நான் எழுதுவேன், யோகமலர் அடிப்பாள்.
ஆளை அல்ல, வரியை.
மாதத்தின் கடைசி ஞாயிறு, கிழித்த நாள்காட்டித் தாளின் முதுகில்
எங்கள் வீட்டு பட்ஜெட் கூட்டத் தொடர்.
எதிர்க்கட்சி இரண்டு பேர்:
ஒன்று ஏழாம் வகுப்பு, ஒன்று மூன்றாம் வகுப்பு.
ஜாம் கேட்டு வெளிநடப்பு செய்வார்கள்,
குளிர் தாங்காமல் திரும்பி வருவார்கள்.

பச்சைத் தேயிலைக்கு என்ன விலையென்று
பறித்து, நிறுத்து, அனுப்பி
மாதமும் முடிந்த பிறகுதான் சொல்வார்கள்.
வரவு தெரியாமல் செலவெழுதுவது
மூடுபனியில் வண்டி ஓட்டுவது மாதிரி,
விளக்கு காட்டும் நாலடிக்குத்தான் திட்டம்.

அரிசி ரேஷனில் வந்துவிடும்.
துவரம் பருப்பு
கட்டபெட்டில் மொய்து காக்கா கடையில் நூற்று எழுபது,
மேட்டுப்பாளையத்தில் நூற்று நாற்பத்தெட்டு.
"இருபத்திரண்டு ரூபாய்" என்றாள்,
சட்டைப் பையில் யாரோ கைவிட்டதைப் பார்த்தவள் குரலில்.

காக்காவின் பற்றைத் தீர்க்க மூன்று மாதம் ஆயிற்று.
எங்கள் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார்.
"இனி கீழேயா?" என்று மட்டும் கேட்டார்.
நான் தகரக் கூரையைப் பார்த்தேன்.
ஒழுகவில்லை.

ஆறாயிரம் அடியில் பருப்புக்குத் திமிர், லேசில் வேகாது.
இரவே ஊறப்போட்டால் மூன்று விசில் மிச்சம்.
தேங்காய் எண்ணெய் உறைந்து பாட்டிலின் தோளில் ஒட்டியிருக்கும்,
தீர்ந்ததென்று எறியக் கூடாது.
வெயிலில் வைத்தால் இன்னும் இரண்டு தலைக்கு வரும்
(வெயில் வந்தால்).
சேமியா, அடி.
என் வாரப் பத்திரிகை, அடி.
முகப் பவுடரை அவளே அடித்தாள்,
என் பேனாவை வாங்கி
நான் பார்க்காத பக்கம் திரும்பிக்கொண்டு.

கீழே போவது நான் ஒருவன், இரண்டு கோணிப்பை.
சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்,
பசித்தவன் கடைக்குள் போனால் முதலில் பட்டியலைத் தின்பான்.
மூட்டைக்குத் தனி டிக்கெட் கேட்கும் கண்டக்டருக்கு
ஒரு சிரிப்பு, அதற்குச் செலவில்லை.
ஐந்து மாதத்தில் பால்பவுடர் டப்பாவில்
இரண்டாயிரத்து நானூற்றுப் பத்து.
யோகமலர் அதைக் குலுக்கிப் பார்ப்பதில்லை.
நோட்டுக்குச் சத்தம் இல்லை என்பாள்.

ஐப்பசியில் குஞ்சப்பனையில் மண் சரிந்தது.
குன்னூர் பாதையில் பாறை.
ஐந்து நாள் பஸ் இல்லை, மின்சாரம் இல்லை.
பட்டியல் கையில்,
பணம் டப்பாவில்,
பருப்பு மலைக்குக் கீழே.

காக்கா கடையில் மெழுகுவத்தி வெளிச்சம்.
வீட்டுக்கு ஒரு கிலோ என்று அளந்துகொண்டிருந்தார்.
வரிசையில் கடைசியாக நின்றோம்,
மழையைவிட வெட்கம் அதிகமாக நனைத்தது.
பற்று நோட்டைப் புரட்டினார்.
குறுக்குக் கோட்டுக்குக் கீழே
எங்கள் பக்கம் அப்படியே வெள்ளையாக இருந்தது.
"வேறு யாருக்கும் கொடுக்கவில்லையா?"
"தாள் மிச்சம்தானே, இருக்கட்டும்" என்றார்.
"காசு இருக்கு" என்று டப்பாவைத் திறந்தாள் யோகமலர்.
நூற்று எழுபது.
மண் சரிந்த பிறகும் அதே நூற்று எழுபது.

அடுத்த கூட்டத்தில் அவள் சொன்னாள், நான் எழுதினேன்:
உப்பு, தீப்பெட்டி, அரைக் கிலோ பருப்பு, காக்கா கடை.
உப்புக்கும் தீப்பெட்டிக்கும் எங்கேயும் ஒரே விலை.
பருப்பில் பதினோரு ரூபாய் கூடுதல்.
"இதை எந்தத் தலைப்பில் போட?"
ஜன்னலில் தூறல் தட்டிக்கொண்டிருந்தது.
"மழைக்கு" என்றாள்.

போட்டேன்.
அதன் கீழே சின்ன எழுத்தில்
பவுடர் என்றும் எழுதினேன்.
பார்த்தாள்.
பேனாவுக்கு மூடியைத் தேடத் தொடங்கினாள்.