முகவரி திருத்தும் பிரிவு

இலந்தைக்குளம், மூன்றாம் மாடி.
பதினொன்றரைக்கு எனக்கு விடிகிறது.
அங்கே மணி எட்டு.

கௌட்டெங்.
முதலெழுத்தைத் தொண்டை செருமிச் சொல்லணும்,
பயிற்சியில் இமாகுலேட் சொல்லித் தந்தாள்.
பொன் கிடக்கும் இடம் என்று அர்த்தமாம்.

நாடு முழுத்தோசை என்றால்
இது அதிலொரு மிளகு.
நூற்றில் ஒன்றரைப் பங்கு மண்,
நாலில் ஒரு பங்கு சனம்.
கடல் கிடையாது.
தெற்கு எல்லையில் ஓர் ஆறு, பெயர் வால்.
பிரிவில் எல்லோரும் ஒருமுறை சிரித்தாயிற்று.

மேலூர்ப் பக்கம் நாம்
மலையை வெட்டிப் பள்ளமாக்கினோம்.
அவர்கள் பள்ளம் வெட்டி, கழிவு மண்ணை
மலையாக்கி வைத்திருக்கிறார்கள்.
காற்றடித்தால் கொடித்துணியெல்லாம் மஞ்சள்.

சாண்ட்டன் முகவரி ஒரு தட்டலில் சரியாகிவிடும்.
நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் அலெக்ஸாண்ட்ரா:
"நீலக் கன்டெய்னருக்குப் பின்னால்,
குழாயடிக்கு நேரே, நாய் இருக்கும்."
திரை சிவக்கிறது. வீடு இல்லை என்கிறது.
எனக்கு இதில் குழப்பமே இல்லை.
செல்லூரில் எங்கள் வீடு
பழைய எண் பதினாலு, புது எண் முப்பத்தொன்று பை நாலு,
சிலிண்டர்க்காரர் கேட்டால்
தறிச் சத்தத்துக்கு அடுத்த சந்து.
ஒன்றரை அறை, ஆறு பேர்.

நொம்தான்டாசோ என்ற பெண்ணுக்கு
மூன்றுமுறை போய்த் திரும்பிய பொட்டலம்.
பையனின் பள்ளிச் செருப்பு, அளவு நான்கு.
பள்ளி திறக்க ஐந்து நாள்.
அவள் பேச்செடுத்ததும் தகரத்தில் கல்மழை.
"கேட்கலை, கொஞ்சம் இரு" என்று கத்தினாள்.
இருந்தேன்.
ஓர் அழைப்புக்கு நாலு நிமிடம்தான் கணக்கு,
தெய்வேந்திரன் பின்னால் வந்து நின்று
கடிகாரத்தைக் காட்டினார்.
பதினோரு நிமிடம்
யார் வீட்டுக் கூரையையோ கேட்டுக்கொண்டிருந்தேன்.

சத்தம் அடங்கியதும் கேட்டாள்,
"எங்கிருந்து பேசுற, மிட்ராண்டா?"
எழுதிக் கொடுத்த பதில் மேசையில் ஒட்டியிருக்கிறது:
உங்கள் அருகில்தான்.
சொன்னேன்.
"அப்போ உனக்கும் கொட்டியிருக்குமே?"
கண்ணாடிக்கு வெளியே பொட்டு மேகம் இல்லை.
ரிங்ரோட்டில் லாரிகள்,
தைமாதத்துப் பனி.

ஆமாம், என்றேன். பெரிய பெரிய கல்.

பிறகு ஓட்டுநர் குறிப்பில் அடித்தேன்,
நீலக் கன்டெய்னர், குழாயடி,
நாய் இருக்கும், கடிக்காது.
அந்தக் கட்டம் கொஞ்ச எழுத்துதான் வாங்கும்.
நாய் இருக்கும் என்பதோடு
நின்றுவிட்டது.