தண்ணீர்க் கணக்கு

வில்ஃப்ரான்ஷில் இறங்கும்போது காலை ஏழு பத்து.
அக்டோபர் என்றாலும் சட்டைக்கு மேல் எதுவும் வேண்டாத வெயில்.
தோள்பையில் ஒரு டார்ச்,
இரும்பு மூடியை நெம்பும் கொக்கி,
பச்சை அட்டைப் பதிவேடு,
சலாமி வைத்த ரொட்டி, பாதி.
மீதியை ரயிலிலேயே தின்றாயிற்று.

இந்தக் கரையோரத்து ஊர்களை
வருகிறவர்கள் பால்கனியில் நின்று பார்க்கிறார்கள்.
நான் குனிந்து பார்க்கிறவள்.
வாசலோரக் குழிக்குள் தலையை விட்டு
சிலந்தியை ஊதித் தள்ளி
கட்டைவிரலால் கண்ணாடியைத் துடைத்தால்
ஒரு வீட்டின் மூன்று மாதமும்
ஆறு இலக்கத்தில் உட்கார்ந்திருக்கும்.

போல்யூவில், ஓய்வுபெற்ற நோட்டரிகளின் தெரு.
வீட்டுக்கு மாதம் ஒன்பது கன மீட்டர்,
கூடவும் மாட்டார்கள், குறையவும் மாட்டார்கள்.
மாதாம் தெல்ஃபினோ மட்டும் பதினொன்று.
"புது நாய், தினமும் குளிக்கக் கேட்கிறது,"
வாசலிலேயே வாக்குமூலம்.
நான் ஒன்றும் கேட்கவில்லை.

காப் ஃபெராவில் ஆள் குறைவு, புல் அதிகம்.
அங்கே ஒரு புல்வெளி குடிப்பதை
என் அடுக்ககத்துப் பன்னிரண்டு குடும்பங்கள்
குடித்து, குளித்து, துவைத்து, சண்டையில் வாளியோடு ஊற்றினாலும்
தீர்க்க முடியாது.
"முதலாளி வருவது வருஷத்துக்குப் பதினோரு நாள்,"
காவல்காரர் அடெலினோ போர்ச்சுகல்காரர்,
சுருட்டை வாயிலிருந்து எடுக்காமலே சொல்வார்,
"புல்லுக்கு அது தெரியாதே."

எஸ் மலைமேல் இருக்கிறது.
அது ஹூபேரின் வட்டம்;
அவன் முழங்கால், அவன் பாடு.
மொனாக்கோ வேறு நாடு.
அதன் தாகம் சுரங்கப்பாதை இருட்டில்
என்னைத் தொடாமல் கடந்து போகும்.

அதற்கு முன்னால்தான் காப் தாய்.
ரயில்பாதைக்குக் கீழே
வாரிசுகள் வழக்காடும் மஞ்சள் வீடு.
போகன்வில்லா கேட்டை விழுங்கிவிட்டது.
மூன்று வருஷமாகப் பதிவேட்டில் பூஜ்யம்,
பூஜ்யத்தின் கீழே பூஜ்யம்,
நானே போட்ட முட்டைகள்.

அன்றைக்கு இரண்டு.

கசிவு என்றால் சிவப்பு முக்கோணம்
ஓயாமல் சுற்றும்.
இது அசையவில்லை.
குழியோரத்தில் உட்கார்ந்து மிச்ச ரொட்டியைப் பிரித்தேன்.
இரண்டு கடி.
முக்கோணம் கொஞ்சம் நகர்ந்தது, நின்றது:
ஒரு கெட்டில்.
பிறகு நீளமாக, அவசரமில்லாமல், நடுவில் ஒருமுறை நின்று:
தலை குளியல். சோப்பு போடும்போது
குழாயை மூடத் தெரிந்த யாரோ.

மேல்மாடி ஜன்னல் சட்டங்கள் எல்லாம் அடைப்பு.
ஒன்றின் இடுக்கில் மட்டும்
காயப்போட்ட குழந்தைக் காலுறை,
ஒற்றைக் கால்.

பதிவேட்டில் குறிப்புக்கென்று ஒரு கட்டம் உண்டு.
கசிவு, பூட்டிய வீடு, திருட்டு இணைப்பு,
எதையாவது டிக் அடிக்கலாம்.
திருட்டு என்றால் எனக்கு நூறு பிராங்க் ஊக்கத்தொகை.
நூறு பிராங்கில் என்னென்ன வாங்கலாம் என்று
யோசிக்காமல் இல்லை.
பேனா கொஞ்ச நேரம் எழுத மறுத்தது,
அல்லது அப்படி வைத்துக்கொள்ளுங்கள்.
"கண்ணாடி மங்கல். படிக்க இயலவில்லை."

மான்டோனில் அன்று நான்கு தெரு பாக்கி.
எலுமிச்சைத் தோட்டக்காரர்கள்
கட்டணம் ஏறியதற்கு என்னைத் திட்டினார்கள்.
ஒருவர் திட்டி முடித்து
பை நிறையப் பழம் கொடுத்தார்.
கடைசி ரயிலில் கை மணத்தது.

ஜனவரியில் திரும்பப் போனேன்.
அதே மஞ்சள் வீடு, அதே அடைத்த ஜன்னல்கள்,
காலுறையைக் காணோம்.
போய்விட்டார்கள் என்று நினைத்தேன்,
ஏனோ கோபமும் வந்தது.
கொக்கியை மாட்டி மூடியைத் தூக்கினேன்.

சிலந்தி இல்லை.
யாரோ கண்ணாடியைப்
பளிச்சென்று துடைத்து வைத்திருந்தார்கள்.
ஐந்து என்று
தூரத்திலிருந்தே தெரிந்தது.

பதிவேட்டைத் திறந்து,
நல்ல வெளிச்சத்தில்,
எழுதினேன்:
கண்ணாடி மங்கல்.