ஒன்பது தலைக்கான புல்

பரணில் இருப்பது ஒன்பது தலைக்கான புல்.
கொட்டகையில் நிற்பது பன்னிரண்டு.
இந்தக் கழித்தல் கணக்கை
ஆகஸ்ட் மழை போட்டுக் கொடுத்தது,
இரண்டாம் அறுப்பு கட்டுவதற்குள் நனைந்து கறுத்தபோது.
விஸ்கான்சினில் அக்டோபர் முடியப் போகிறது.
வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருக்கிறேன், பென்சிலோடு.

முழங்கால் உயரந்தான் இந்தச் சாதி ஆடு.
பார்க்க வருகிறவர்கள் பொம்மை என்கிறார்கள்,
படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.
பொம்மை தின்னாது.

ஜூனிப்பர். நீலக் கண்,
காதோரம் சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெள்ளை.
லா கிராஸிலிருந்து ஒருத்தி
மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள், நானூற்றைம்பது டாலர்.
மடி ஒரு பக்கம் சரிவு, காம்பு மிளகாய் விதை மாதிரி என்றேன்.
"கண் நீலம்தானே?" என்றாள்.
கறக்கிற விரலுக்குக் கண்ணின் நிறம் தெரியாது.
போகட்டும்.

டர்னிப். பார்க்கச் சகிக்காது, முதுகு கூரை மாதிரி.
மூன்றாம் ஈற்றிலும் நாளுக்கு ஒன்றரை லிட்டர்,
ஒருநாள் உதைத்ததில்லை.
அவள் பெயருக்கு எதிரே ஒன்றும் எழுதவில்லை.

ஆர்வல் யெர்டே தன் கிடாவை வாடகைக்கு விட்டிருக்கிறார்:
ஒரு மூட்டை ஓட்ஸ், வண்டிச் செலவு என்னுடையது.
தாடியில் தன் மூத்திரத்தையே பூசிக்கொண்டு
மாப்பிள்ளை மாதிரி நிற்கிறது.
பிறவியிலேயே கொம்பில்லை.
என்னிடமும் பிறவி மொட்டை நாலு.
மொட்டையை மொட்டையோடு சேர்த்தால்
சில நேரம் குட்டி ஆணும் ஆகாது, பெண்ணும் ஆகாது.
அந்த நாலும் ஆர்வலுக்கு இல்லை.
என் கிடா மஃபினோ பாதிப் பேருக்கு அப்பன்,
மீதியில் இருவருக்கு அண்ணன்.
கோடு இழுத்து, அழித்து, மறுபடி இழுத்து
தாள் ஓரிடத்தில் கிழிந்தே போனது.

ருபார்ப்பிடம் வந்து பென்சில் நின்றது.
போன மார்ச்சில் மூன்று குட்டி,
ஒன்றின் கழுத்தைச் சுற்றி இன்னொன்றின் கால்.
மணிக்கட்டு வரை உள்ளே விட்டு, கண்ணை மூடி,
எந்தக் கால் யாருடையது என்று தடவித் தடவி எண்ணினேன்.
ஒன்றுதான் மூச்சு விட்டது.
ருபார்ப் நாலு நாள் எழவில்லை.
இந்த வருஷம் வேண்டாம் என்று எழுதினேன்,
'வேண்டாம்' மட்டும் இரண்டு தரம் அழுத்தி.

அன்று ராத்திரியே பயிராகிவிட்டாள்.
வாலை ஆட்டி ஆட்டி, தொண்டை கிழியக் கத்தினாள்.
வேலிக்கு அந்தப் பக்கம் ஆர்வலின் கிடா
உதட்டைச் சுருட்டிக்கொண்டு பதில் சொன்னது.
காலையில் கொண்டி தரையில் கிடந்தது.
ருபார்ப் அசைபோட்டுக்கொண்டிருந்தாள்,
முதுகெல்லாம் கிடா நாற்றம்,
ஊரில் ஒன்றும் நடக்காத மாதிரி முகம்.

அக்டோபர் இருபத்துநாலு.
நூற்று நாற்பத்தைந்து நாள் கூட்டினால் மார்ச் பதினெட்டு.
டெல் நாட்காட்டியில் அதைப் பேனாவால் வட்டமிட்டான்,
யாரையும் கேட்காமல்.

மருத்துவர் வோசிக் தந்த ஊசி மருந்து
காபி டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது.
"கையுறை போட்டுக்கொள் மாரென்,
உன் தோலும் இதைக் குடிக்கும்" என்றார்.
பதினொரு நாள் காபி போட்டேன், டப்பாவைப் பார்க்காமல்.
புல் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தேன்.
புல் காரணமில்லை என்று தெரிந்துகொண்டேதான்.

பன்னிரண்டாம் நாள் கழுத்தில் போட்டேன்.
ஒரு தரம் கத்தினாள்.
பிறகு என் சட்டைப்பைக்குள் மூக்கை விட்டு
உலர்திராட்சை தேடினாள்.
இருந்தது.

டெல் மார்ச் பதினெட்டைத் தேய்த்துப் பார்த்தான்.
பேனா, போகவில்லை.
ஜூனிப்பர் நேற்று நாய்க்கூண்டில் ஏறிப் போனாள்,
பின்கண்ணாடியில் நீலம் தெரியவில்லை, காது தெரிந்தது.

பதினொன்று. இன்னும் இரண்டு பெயர் எழுத வேண்டும்.
ருபார்ப் நாலாம் நாளே மறுபடி கத்துகிறாள்.
கொண்டிக்கு மேல் ஒரு கொண்டி அடித்திருக்கிறேன்,
அதற்கும் மேல் நாய்ச் சங்கிலி.
கிடா அதை நக்கிப் பார்க்கிறது.