மீன் காவல்

யானைமலை முடியவே இல்லை.
ஒத்தக்கடையில் டீ குடிக்கும்போது
இடப்பக்கம் படுத்திருந்தது.
அரை மணி நேரம் மிதித்துவிட்டுப் பார்த்தால்
அப்போதும் படுத்தேயிருந்தது.
நாங்கள்தான் தலையிலிருந்து வாலுக்கு
எறும்பாய் ஊர்ந்திருக்கிறோம்.

தை மாத வாடைக்காற்று
மேலூர்ச் சாலையில் நேர் எதிரே வந்தது.
நாகரத்தினம் முன்னால், நான் பின்னால்.
பதினாறு வருடமாய்ப் பார்க்கும் முதுகு
இன்றைக்குத்தான் ஒன்றுக்கு உதவுகிறது
என்று கத்தினேன்.
காற்று அந்த வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு
மதுரைக்கே திரும்பிப் போய்விட்டது.

பந்தல்காரரிடம் வாங்கிய பழைய சாமியானாத் துணியில்
பைகள் தைத்திருந்தோம்,
சிவப்பும் மஞ்சளும், சக்கரத்துக்கு இருபுறமும்.
"என்ன விக்கிறீங்க?" என்று ஓடி வந்தான் ஒரு பையன்.
ஒன்றும் இல்லை என்றதும்
ஏமாற்றப்பட்டவன் போல நின்றான்.
பெட்டிக்கடைக்காரர் இன்னும் இரக்கப்பட்டார்:
"பழனிக்குன்னா அந்தப் பக்கம்ல போகணும்?"
பழனிக்கு இல்லை.
"பிறகு எங்கே?"
நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

கீழவளவு தாண்டிப் பாதிச் சாலையை
நெல் பிடித்துக்கொண்டது.
காலால் துழாவிக் காயவிட்டுக்கொண்டிருந்தவள்
எங்களுக்காக ஒரு முழம் ஒதுங்கினாள், நெல் ஒதுங்கவில்லை.
டயரில் ஒட்டிய மணிகள்
அடுத்த ஊர்வரை எங்களோடு வந்து
ஒன்றிரண்டாய் இறங்கிக்கொண்டன.

அறுத்துப் பாதியில் விட்ட குன்று ஒன்று.
அடியில் அசையாத பச்சைத் தண்ணீர்.
நாகரத்தினம் கல் எறிந்தான்.
சத்தம் மேலே வரும்வரை
இருவரும் பேசவில்லை.
வந்த பிறகும்தான்.

பொழுது சாயக் கண்மாய்க் கரையில் கூடாரம் அடித்தோம்.
பெயர் தெரியாத கண்மாய், நிறைந்த தண்ணீர்.
ரவை கொதிக்கும் நேரத்தில்
முகத்தில் விழுந்தது டார்ச் வெளிச்சம்.
"யார்றா அது? வலை எங்க?"
மீன் குத்தகைக்குக் காவல், பெயர் வீரணன்.
வலை இல்லை என்று பைகளைக் கவிழ்த்துக் காட்டினோம்.
வெளிச்சம் என்மீது வந்து நின்றது.
"அப்ப, ஓடி வந்தவுகளா?"

எனக்கு நாற்பத்து மூன்று வயது.
சிரிப்பு வந்தது,
கொஞ்சம் பெருமையும்.

"புருசன் பொஞ்சாதிங்க."
"என்ன அத்தாட்சி?"
தாலிச் சங்கிலி வீட்டுப் பீரோவில் பத்திரமாக இருந்தது.
ஆதார் போனில் இருந்தது,
போன் மதியமே செத்திருந்தது.
அந்த நேரம் பார்த்து நாகரத்தினம்
உப்புமாவை ஒரு வாய் வைத்தான்.
"உப்பு எங்க?"
"நீதான எடுத்து வைக்கிறேன்ன."
"நான் சொன்னது பஞ்சர் சாமான்."
"அப்ப பஞ்சர் சாமானைப் போட்டுக் கிண்டு."
அங்கிருந்து கிளம்பிய பேச்சு
போன தீபாவளிக்குத் தீர்ந்துபோன சிலிண்டர் வழியாக
என் தம்பி கல்யாணப் பந்திவரை போய்ச் சேர்ந்தபோது
வீரணன் டார்ச்சை அணைத்தார்.
"சரி சரி. புருசன் பொஞ்சாதிதான்."

இருட்டுக்குள் போனவர்
காகிதத்தில் மடித்த கல் உப்போடு வந்தார்.
இன்னொரு கையில் இரண்டு கெண்டை.
"நான் குடுக்கல, நீங்க வாங்கல" என்றார்.
செதில் கூடாரத் துணியெல்லாம் ஒட்டியது.

நடுச்சாமத்தில் நாகரத்தினம் அலறி எழுந்தான்.
கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது.
தேங்காயெண்ணெய் கைக்கு அகப்படவில்லை,
வெறுங்கையால் தேடிப் பிடித்தேன்.
உருண்டு நழுவியது, துடித்தது.
விடாமல் அமுக்கினேன்.
வெளியே கரைமேல்
வீரணனின் வெளிச்சம் நடந்து போவது
துணி வழியாகத் தெரிந்தது.
இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம்,
எதையோ திருடுகிறவர்கள் மாதிரி.

நாளைக்கு நான் முன்னால் போகிறேன் என்றேன்.
காற்று மாறாது என்றான்.
தெரியும்.